அம்பாசடரின் பங்காளி: ஓர் எண்ணெய்க் கசிவின் வரலாறு

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் எழுதியபோது, "ஹாஸ்டல் நினைவுகள் ஏற்கெனவே பதினாறு வந்துவிட்டன, உன் தொழில் சம்பந்தமாக ஏதாவது எழுதப்பா" என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். நல்லதாகப் போயிற்று. மெக்கானிக்கல் படித்த யாரும் வாழ்நாளில் ஒரு தடவையாவது திட்டியிருக்கும் ஒரு சமாசாரத்தைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். அது ஆயில் லீக்.

நம்மில் முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அம்பாசடர் கார் நின்ற இடம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. போர்ட்டிகோ தரையில் ஒரு கறுப்பு வட்டம். கல்யாண மண்டபத்து வாசலில் நாலு வட்டம் இருந்தால் நாலு அம்பாசடர் வந்து போயிருக்கிறது என்று கணக்கு. "நம்ம ஊர் தயாரிப்பு அப்படித்தான், வெள்ளைக்காரன் செய்தால் ஒழுகுமா?" என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இங்கிலாந்தில் மிட்லண்ட்ஸ் பகுதிக்கு வேலைக்கு வந்து எட்டு வருடமாகிறது. இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, வெள்ளைக்காரன் செய்ததும் ஒழுகியது. அதே இடத்தில், அதே காரணத்தால் ஒழுகியது. "இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒழுகவில்லையா? அப்படியென்றால் உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது" என்பது இந்த ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கும் பழைய ஜோக்.

அதே இடத்தில் என்று சும்மா சொல்லவில்லை. எம்.ஜி.ஏ. என்றொரு ஸ்போர்ட்ஸ் கார். 1955-ல் வந்தது, ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் உள்ள ஆபிங்டன் ஊரில் 1962 வரை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் கட்டினார்கள். அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. இரண்டு பேர் மட்டும் உட்காரும், தாழ்ந்த, வளைவான, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாத வண்டி. அதன் பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது பி.எம்.சி. கம்பெனியின் 'பி சீரிஸ்' எஞ்சின். சிலிண்டர் விட்டம் 73.025 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 88.9 மில்லிமீட்டர், மொத்தம் 1489 சி.சி. இந்த எண்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? 1959 முதல் நம் அம்பாசடரில் இருந்த பெட்ரோல் எஞ்சினும் இதே பி சீரிஸ், இதே 1489 சி.சி.தான். ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர் போட்டுக் கொஞ்சம் முறுக்கேற்றியிருந்தார்கள், அவ்வளவே. கலெக்டரைச் சுமந்த எஞ்சினும் ஹாலிவுட் வாலிபனைச் சுமந்த எஞ்சினும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

இப்போது அந்த எஞ்சினின் பின்பக்கத்துக்கு வாருங்கள். கிராங்க் ஷாஃப்ட் எஞ்சினை விட்டு வெளியே வந்து ஃப்ளைவீலைப் பிடிக்கும் இடம் அது. சுழலும் தண்டு ஒன்று எண்ணெய் நிறைந்த பெட்டியிலிருந்து வெளியே வந்தாக வேண்டும், ஆனால் எண்ணெய் கூடவே வரக்கூடாது. இன்றைய மாணவர்களைக் கேட்டால் "ஆயில் சீல் போட வேண்டும் சார்" என்பார்கள். சரி. ஆனால் எம்.ஜி.ஏ.விலும் பழைய அம்பாசடரிலும் அந்த இடத்தில் சீலே கிடையாது! ரப்பர் இல்லை, தோல் இல்லை, கயிறுகூட இல்லை. தண்டின் மேலே ஒரு திருகுப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். அதைச் சுற்றி மேலே ஒரு பாதி மூடி, கீழே பேரிங் மூடி. நடுவில் ஒரு தலைமுடி கனத்துக்கு இடைவெளி. தண்டு சுழலும்போது அந்தத் திருகு, வெளியே போகப் பார்க்கும் எண்ணெயைத் திரும்ப உள்ளே தள்ளும். ஆர்க்கிமிடீஸ் திருகு தண்ணீரை மேலேற்றுகிறதே, அதே தத்துவம். தள்ளிய எண்ணெய் ஒரு சிறு குழாய் வழியாகச் சம்ப்புக்குள் விழுந்துவிடும்.

எதனோடும் உரசாத ஏற்பாடு என்பதால் இதற்குத் தேய்மானம் கிடையாது, காசும் ரொம்பக் குறைவு. எஞ்சின் ஓடும்வரை நன்றாகவே வேலை செய்யும். நிறுத்தினால்? திருகு நின்றுவிடும். மிச்சம் ஒட்டியிருந்த எண்ணெய் மெதுவாக வழிந்து சொட்டும். வண்டியின் மூக்கு மேடான பக்கம் இருக்கும்படி நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் அதிகம் சொட்டும்.

இதை வரைந்தவர்களுக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். நன்றாகத் தெரியும். கிளட்ச் இருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு துளை போட்டு அதில் ஒரு ஸ்பிளிட் பின்னைத் தளர்வாகத் தொங்கவிட்டிருப்பார்கள். வண்டி ஓடும்போது அது ஆடி ஆடித் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். எதற்கு? வருகிற எண்ணெய் கிளட்ச்சில் படாமல் ரோட்டில் விழட்டும் என்றுதான். ஒழுகும் என்று கணக்குப் போட்டு, ஒழுகுவதற்கு வழியும் செய்து வைத்திருக்கிறார்கள். இதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மரியாதை வந்தது. ஆக, போர்ட்டிகோவில் விழுந்த கறுப்பு வட்டம் பர்மிங்ஹாம் பக்கத்து வரைபடப் பலகையிலேயே போடப்பட்ட வட்டம். உத்தர்பாரா தொழிற்சாலையில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் இந்தக் குறிப்பிட்ட சொட்டுக்காக அங்கே வேலை பார்த்தவர்களை நாம் ஐம்பது வருடம் திட்டியது நியாயமில்லை.

சரி, ஏன் ஒரு சீல் போடவில்லை? இங்கேதான் வரலாறு சுவாரசியமாகிறது.

நீராவி எஞ்சின் காலத்தில் தண்டைச் சுற்றிக் கயிறு திணித்து இறுக்குவார்கள். பிறகு ஃபெல்ட், தோல். சைக்கிள் பம்புக்குள் இருக்கும் தோல் வாஷரை எண்ணெய் விட்டு ஊறவைத்துப் போட்டிருப்பீர்களே, அதே சங்கதிதான் கார்களிலும் இருந்தது. ஜெர்மனியில் வைன்ஹைம் என்ற ஊரில் ஃப்ராய்டன்பெர்க் என்றொரு தோல் பதனிடும் நிறுவனம், நம் ஆம்பூர், வாணியம்பாடித் தொழிற்சாலைகள் மாதிரி. 1929-ல் உலகப் பொருளாதாரம் படுத்தபோது தோலை வைத்து வேறு என்ன செய்யலாம் என்று யோசித்து, சீல் செய்ய ஆரம்பித்தார்கள். அங்கே வால்ட்டர் சிம்மர் என்ற எஞ்சினியர், உலோகக் கூட்டுக்குள் தோலை வைத்து, தண்டோடு சரியான அழுத்தத்தில் ஒட்டி நிற்கும்படி ஒரு வளையத்தை உருவாக்கினார். ஜெர்மன்காரர்கள் இன்றுகூட ஆயில் சீலை 'சிம்மர்ரிங்' என்றே சொல்கிறார்கள். 1930-களின் நடுவில் தோலுக்குப் பதில் செயற்கை ரப்பர் வந்தது.

செயற்கை ரப்பர் ஏன் வர வேண்டியிருந்தது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். மரத்திலிருந்து எடுக்கும் இயற்கை ரப்பர் மினரல் ஆயிலில் பட்டால் ஊதிப் பஞ்சு மாதிரி ஆகிவிடும். எஞ்சின் எண்ணெய்க்குப் பக்கத்திலேயே அதை வைக்க முடியாது. இதனால்தான் பழைய பிரேக்குகளில் இயற்கை ரப்பர் வாஷர் இருந்தபோது பிரேக் ஆயிலாக ஆமணக்கெண்ணெய் கலந்த திரவம் ஊற்றினார்கள். விளக்கெண்ணெய் இயற்கை ரப்பரைக் கெடுக்காது. ('காஸ்ட்ரால்' என்ற பெயரே காஸ்டர் ஆயிலிலிருந்து வந்தது என்பது உபரித் தகவல்.) 1930-களில் ஜெர்மன் ரசாயனக்காரர்கள் நைட்ரைல் ரப்பரைக் கண்டுபிடித்த பிறகே எண்ணெயைத் தாங்கும் ரப்பர் கைக்கு வந்தது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்ற முதியவர் 1937-ல் ஓ-ரிங்குக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்து 1939-ல் பெற்றார். அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். ரிட்டயர் ஆன சீனியர்கள் கவனிக்கவும்! 1957-ல் டுபான்ட் நிறுவனம் வைட்டான் ரப்பரைக் கொண்டுவந்தது. நைட்ரைல் நூறு, நூற்றிருபது டிகிரியில் காய்ந்து கட்டையாகிவிடும். வைட்டான் இருநூறு டிகிரி வரை தாங்கும்.

ஆக, பி சீரிஸ் எஞ்சினை வரைந்த காலத்தில் நல்ல லிப் சீல் என்ற ஒன்று உலகத்தில் இருந்தது. ஆனாலும் கிராங்கின் பின்பக்கத்துக்கு அது பொருந்தவில்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் காரணம் புரியும். தண்டின் விட்டம் 100 மில்லிமீட்டர், நிமிடத்துக்கு 5,000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பு நொடிக்கு 26 மீட்டர் வேகத்தில் ரப்பர் உதட்டைத் தேய்த்துக்கொண்டு போகும். சாதாரண நைட்ரைல் சீலுக்கு 12, மிஞ்சினால் 15 மீட்டர்தான் சுகம். அதற்கு மேலே போனால் உதடு கருகிவிடும். முன்பக்கம், கப்பி இருக்கும் பக்கம் தண்டு ஒல்லி. அங்கே சீல் போடலாம், போட்டார்கள். பின்பக்கம் தடி, அங்கே திருகே நல்லது என்று விட்டுவிட்டார்கள். ஜாகுவார் ஈ-டைப் மாதிரி விலை உயர்ந்த வண்டியில்கூட அந்த இடத்தில் கிராஃபைட் தடவிய ஆஸ்பெஸ்டாஸ் கயிறுதான் இருந்தது. எம்.ஜி.ஏ.வுக்குப் பின் வந்த எம்.ஜி.பி.யில் 1964 இலையுதிர் காலத்தில் ஐந்து பேரிங் கிராங்க் போட்டபோதுதான், இந்த எஞ்சின் குடும்பத்துக்குப் பின்பக்கம் ஒரு ரப்பர் லிப் சீல் கிடைத்தது.

கேட்க எளிதாக இருந்தாலும் லிப் சீல் லேசுப்பட்ட பொருள் இல்லை. ரப்பர் உதடு தண்டை இறுக்கிப் பிடித்து எண்ணெயைத் தடுக்கிறது என்றுதான் நான் படிக்கிற காலத்தில் நினைத்திருந்தேன்; பாடப் புத்தகத்தில் இதற்கு அரைப் பக்கம்கூட இல்லை. உண்மையில் உதட்டுக்கும் தண்டுக்கும் நடுவே மைக்ரான் கணக்கில் ஓர் எண்ணெய்ப் படலம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சீல் எரிந்துபோகும். உதட்டின் எண்ணெய்ப் பக்கம் செங்குத்தாகவும் காற்றுப் பக்கம் சரிவாகவும் இருப்பதால், தண்டு சுழலும்போது அந்தப் படலம் வெளியே போகாமல் உள்ளேயே திரும்பிப் பம்ப் ஆகிறது. யோசித்துப் பார்த்தால் பழைய திருகு செய்த அதே வேலையைத்தான் ரப்பர் உதடும் செய்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில். அதனால்தான் தண்டில் ஒரு கீறல் இருந்தாலும், சீலைக் கோணலாக அடித்து உட்காரவைத்தாலும், எண்ணெய் தடவாமல் காய்ந்தபடி மாட்டினாலும், புதுச் சீல் முதல் நாளே ஒழுகும். "புதுசு போட்டும் லீக் ஆகுது சார், டூப்ளிகேட் மால்" என்று கடைக்காரனைத் திட்டுவதற்கு முன்னால் தண்டில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பழைய உதடு ஓடிய இடத்தில் ஒரு வரி நகத்தில் தட்டுப்பட்டால், அங்கே மெல்லிய உலோக உறை போட வேண்டும், அல்லது சீலைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளி உட்காரவைக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்கு ஏட்டறிவாக இருந்தது. என் தெருவில் ரிட்டயர்டு டூல்மேக்கர் ஒருவர் இருக்கிறார், எழுபத்தைந்து வயது. அவரிடம் 1958-ம் வருட எம்.ஜி.ஏ. ஒன்று. போன குளிர்காலத்தில் கிளட்ச் மாற்ற வேண்டி எஞ்சினை இறக்கினார்; கூடமாட உதவிக்கு நான். இறக்குவதற்கு முன் எங்கெங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்துவிடலாம் என்றார். எஞ்சினைச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்து, சுற்றிலும் டால்கம் பவுடரைத் தூவினோம். கீழே செய்தித்தாளை விரித்து இருபது நிமிடம் ஓடவிட்டோம். எண்ணெய் வரும் பாதை வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடாகத் தெரிந்துவிடும். வெள்ளைச்சாமிக்கு விபூதி பூசிய மாதிரி நின்ற அந்த எஞ்சினை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பார்த்தால், எல்லோரும் சபிக்கும் அந்தப் பின்பக்கத் திருகு முதல் குற்றவாளியே இல்லை. பக்கவாட்டில் இருக்கும் இரண்டு டேப்பட் கவர்களின் கார்க் கேஸ்கட் காய்ந்து சுருங்கியிருந்தது. ஒவ்வொரு கவருக்கும் நடுவில் ஒரே ஒரு போல்ட். ஒழுகுகிறதே என்று எந்தக் காலத்திலோ யாரோ அதை முறுக்கு முறுக்கென்று முறுக்கி, தகடு குழிந்துபோயிருந்தது. குழிந்த தகட்டில் எந்தக் கேஸ்கட்டும் உட்காராது. பெரியவர் அதை மரக்கட்டையில் வைத்துத் தட்டிச் சமன் செய்தார். அந்தக் கவர்கள் எஞ்சினுக்குப் பக்கவாட்டில், உயரத்தில் இருப்பதால் வழியும் எண்ணெய் பின்னோக்கிப் போய், பெல் ஹவுசிங்குக்குக் கீழே சொட்டுகிறது. பார்க்கிறவன் "ரியர் சீல் போயிடுச்சு" என்று எஞ்சினை இறக்கிவிடுவான். எத்தனை அம்பாசடர்களுக்கு இப்படி வீண் செலவு ஆகியிருக்குமோ!

முன்பக்க டைமிங் கவரில் பழைய ஃபெல்ட் வளையம் இருந்தது. அந்த இடத்துக்கு ரப்பர் சீல் உள்ள பிற்கால கவரைப் போட்டோம். ஆயில் ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர் வளையம் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கிடந்தது. பழையதை எடுக்காமலே யாரோ புதியதைப் போட்டிருக்கிறார். பெல் ஹவுசிங்குக்குள் கிடந்த எண்ணெய் எஞ்சினுடையதா, கியர்பாக்ஸுடையதா என்று ஒரு விவாதம் வந்தது. கியர்பாக்ஸின் முன் மூடியிலும் இதே திருகு ஏற்பாடுதான், அதிலும் ஊற்றுவது எஞ்சின் ஆயில்தான்; முகர்ந்து பார்த்துப் பிரயோஜனமில்லை. நிறம் சொல்லிவிட்டது. கறுப்பாக இருந்தால் எஞ்சின், தேன் நிறமாக இருந்தால் கியர்பாக்ஸ். எங்களுக்குக் கிடைத்தது கறுப்பு.

என்னை உண்மையிலேயே பயமுறுத்தியவை இரண்டு. ஒன்று ஹோஸ். எஞ்சின் பிளாக்கிலிருந்து டேஷ்போர்டில் உள்ள பிரஷர் மீட்டருக்குப் போகும் விரல் தடிமன் ரப்பர் குழாய். அதற்குள் சதுர அங்குலத்துக்கு ஐம்பது, அறுபது பவுண்டு அழுத்தத்தில் எண்ணெய் நிற்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றுமில்லை. வளைத்தால் நுணுக்கமாய் வெடிப்புகள். ஓடும்போது அது பிய்த்துக்கொண்டால் சம்ப்பிலுள்ள நாலு லிட்டர் எண்ணெய் சில நிமிடங்களில் வெளியே; சூடான எக்ஸாஸ்டில் பட்டால் தீ. இரண்டாவது, பின்சக்கர ஹப் சீல். அது ஒழுகினால் எண்ணெய் ரோட்டுக்கு வராது. பிரேக் டிரம்முக்குள் போய் லைனிங்கில் ஊறும். தரையில் ஒரு சொட்டும் தெரியாது, இறக்கத்தில் பிரேக் மட்டும் ஒரு பக்கமாக இழுக்கும். தரையில் வட்டம் போடும் லீக் ஆளைக் கொல்லாது, தெரியாத லீக்தான் கொல்லும் என்றார் பெரியவர். சீல் ஏன் போயிற்று என்று பார்த்தால், ஆக்ஸில் மேலே இருக்கும் சின்ன மூச்சுத்துளை சேற்றில் அடைத்திருந்தது. உள்ளே சூடேறிய காற்றுக்குப் போக வழியில்லை. எண்ணெயைச் சீல் வழியே தள்ளியிருக்கிறது. எஞ்சினுக்கும் இதே விதி. பிரீதர் குழாய் அடைத்திருந்தாலோ, பிஸ்டன் ரிங் தேய்ந்து கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினாலோ, உலகத்திலேயே விலை உயர்ந்த சீல் போட்டாலும் ஒழுகும். முதலில் மூச்சு, பிறகு சீல்.

எஞ்சின் வெளியே இருக்கும்போதே பின்பக்கத் திருகை எடுத்துவிட்டு நவீன லிப் சீல் போடலாமே என்று பேச்சு வந்தது. அதற்கான மாற்று உபகரணங்கள் இங்கே விற்கிறார்கள். நான் போடலாம் என்ற கட்சி. பெரியவர் வேண்டாம் என்றார். "கிராங்கில் கை வைத்துவிட்டால் திரும்ப வராது. ரப்பர் பத்து வருஷத்தில் போகும். அப்போது எஞ்சினை இறக்க நான் இருக்க மாட்டேன். இந்தத் திருகு அறுபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டது" என்றார். அவர் செய்தது, மேல் பாதி மூடியைத் தளர்த்தி, ஃபீலர் கேஜ் வைத்துச் சுற்றிலும் இடைவெளி ஒரே சீராக வரும்படி நகர்த்தி இறுக்கியதுதான். ஒரு சாயங்காலம் முழுக்க அதற்கே போயிற்று. தினமும் ஆபீசுக்கு ஓட்டும் வண்டியாக இருந்தால் இப்போதும் நான் லிப் சீல்தான் போடுவேன். ஆனால் அவர் வண்டியில் அவர் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டேன். முன்பு ராத்திரி முழுக்க நின்றால் செய்தித்தாளில் தோசை அளவு கறை. இப்போது ஐந்து ரூபாய் நாணயம் அளவு.

அந்தச் சொட்டு ஒரு தொழிலின் பெயரையும் கெடுத்தது. அமெரிக்காவில் இந்தக் கார்களை ஆசையாக வாங்கியவர்கள் கராஜ் தரையைப் பார்த்து முகம் சுளித்தார்கள். 1970-ஐ ஒட்டி டாட்சன் 240 இசட் அங்கே வந்து இறங்கியது. அதே விலைவாசியில், தரையை அழுக்காக்காத ஸ்போர்ட்ஸ் கார். எம்.ஜி.பி.யை ஐந்து லட்சத்துக்கும் மேல் கட்டிய ஆபிங்டன் தொழிற்சாலை 1980 அக்டோபரில் மூடப்பட்டது. ஸ்டிரைக், பணமதிப்பு, நிர்வாகம் என்று அதற்குப் பெரிய காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் ஆயில் லீக் தலையில் போட முடியாது. ஆனால் 1989-ல் மஸ்டா கம்பெனி எம்.எக்ஸ்.-5 என்று இங்கிலீஷ் ரோட்ஸ்டரின் ஜாடையிலேயே ஒரு காரைச் செய்து, ஒழுகாமலும் செய்து, 2016-க்குள் பத்து லட்சம் வண்டி கட்டிவிட்டது. ஆசை ஆபிங்டனுடையது, சீல் ஜப்பானுடையது! ரப்பர் வளையத்தை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 1986-ல் சாலஞ்சர் விண்கலம் இன்னும் கொடுமையான சாட்சி. குளிரில் விறைத்த ஓ-ரிங், ஏழு உயிர்கள்.

அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றது. ஆனாலும் நம்மில் சிலர் வீட்டு ஷெட்டில் தாத்தா காலத்து வண்டி தார்ப்பாய்க்குள் இருப்பது எனக்குத் தெரியும். அதை எடுத்து ஓட்ட ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. எண்ணெய்ச் சொட்டுக்கு முன்னால் பெட்ரோல் ஹோஸைப் பாருங்கள். இப்போது பங்க்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதைத் தாங்காது, உள்ளுக்குள் உரிந்து கசியும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி, பெட்ரோல் பம்ப் முதல் கார்புரேட்டர் வரை மொத்தமாக மாற்றுங்கள், கிளிப் உட்பட. அடுத்தது பிரேக் ரப்பர்கள், ஹப் சீல், பிரஷர் மீட்டர் ஹோஸ், டேப்பட் கவர், இந்த வரிசையில். பின்பக்கத் திருகு கடைசியில். அதற்குக் கீழே ஒரு தட்டு வைத்தாலும் போதும்.